வெறும் லோரியின் எடை

கலியமூர்த்தி தர வேண்டிய எண்பது ரிங்கிட்டுக்கு
இந்த மோடத்தைக் கொடுத்தான்.
கட்டைவிரல் நீளம். மூடி தொலைந்துவிட்டது.
உள்ளே சிம் கார்டு, அதில் பதினோரு ரிங்கிட் மீதம்.
"குத்துனா போதும், ஓடும்."
அது விண்டோஸ் உள்ள வீட்டில்.

என்னிடம் இருப்பது
மில் ஆபீஸ் கழித்துப் போட்ட பெட்டி,
காசில்லாமல் ஏற்றிய லினக்ஸ்.
உள் பேட்டரி செத்துப் போனதால்
எப்போது எழுப்பினாலும்
இரண்டாயிரத்து இரண்டு, ஜனவரி ஒன்று என்று
கண் விழிக்கும்.

ராத்திரி பன்னிரண்டுக்குள்
செலவுக் கணக்கியல், இரண்டாம் ஒப்படைப்பு.
ஏழரைக்குக் குத்தினேன்.
சிடி வந்திருக்கிறது என்றது கணினி.
பிடுங்கிக் குத்தினேன்.
இன்னொரு சிடி என்றது.

மோடத்துக்கு, நீ சிடி இல்லை என்று
எடுத்துச் சொல்ல ஒரு நிரல் இருக்கிறது.
அந்த நிரல் இணையத்தில் இருக்கிறது.
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

மோட்டாரை எடுத்துக்கொண்டு பகாவ் டவுனுக்குப் போனேன்.
ஆ சூன் கடை, மணிக்கு இரண்டு ரிங்கிட்.
சுற்றிலும் பையன்கள் சுட்டுக்கொண்டும் செத்துக்கொண்டும் இருக்க
ஒரு கோப்பை இறக்கி வந்தேன்.
அது இன்னொரு கோப்பைக் கேட்டது.
மறுபடி போனேன். இன்னொன்று
மூன்றாவதைக் கேட்டது,
சம்பந்தி வீட்டார் சீர் கேட்கிற மாதிரி.

மூன்றாம் தடவை ஆ சூன் காசு வாங்கவில்லை.
"அக்கா, என்ன வேலையோ
இங்கேயே முடிச்சு அனுப்பிடலாமே?"
கணக்கு இன்னும் நேராகவில்லை என்றேன்.
பாதி உண்மை.
மீதிப் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை.
வழியெல்லாம் செம்பனை இருட்டு,
ஹெல்மெட் கண்ணாடியில் பூச்சிகள்.

பத்தே முக்காலுக்கு நிரல் ஏறியது.
சிடியை வெளியே தள்ளு என்றேன்.
ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை.
பிறகு பதினான்கு நாற்பத்தாறு என்ற எண் மறைந்து
பதினான்கு முப்பத்தாறு வந்தது.
எனக்குத் தெரிந்த வித்தைதான் இது.
குலையோடு வரும் லோரியை நிறுத்து எடை போடுவேன்,
கொட்டிவிட்டு வந்ததும் மறுபடி போடுவேன்.
அதே லோரி. வேறு எண்.

அடுத்தது சிக்னல்.
பச்சை விளக்கு மட்டும் இரண்டு இரண்டாகச் சிமிட்டியது.
மேசையில் பச்சை. சன்னலில் பச்சை.
நீள வயரில் கட்டி, குவாலியின் நடுவில் ஒட்டி,
துணிக்கொடியில் டவரைப் பார்க்கத் தொங்கவிட்டேன்.
மீன் குழம்பு வாசனையோடு
நீலம் வந்தது.

நட்சத்திரம், ஒன்பது, ஒன்பது, கட்டம்.
கறுப்புத் திரையில் வரிகள் ஓடின.
எனக்கு ஒரு முகவரி கொடுத்தார்கள்,
பத்தில் தொடங்கும் நான்கு எண்கள்.
கடிதமெல்லாம் மில் ஆபீஸ் பெயருக்கே வரும் குவார்ட்டர்ஸில்
இந்த ஒன்று என்னுடையது,
வயரைப் பிடுங்கும் வரை.

நேரம் இருக்கிறதா என்று மூலையைப் பார்த்தேன்.
என் கணினியின்படி
ஒன்பது வருஷம் பத்து மாதம் இருந்தது.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே
எங்கிருந்தோ யாரோ சொல்லிக் கொடுக்க
அது தன்னைத் திருத்திக்கொண்டது.
பன்னிரண்டு பத்தொன்பது.

தாமதமாகச் சேர்ப்போருக்கு ஒரு கட்டம் வைத்திருந்தார்கள்,
காரணம் எழுத.
மோடம், சிடி, சீர், குவாலி,
ஆ சூன் வாங்காத இரண்டு ரிங்கிட்
எல்லாவற்றையும் எழுதி அழித்தேன்.
பிறகு, தினம் கலியமூர்த்தியின் சீட்டில்
யோசிக்காமல் கிறுக்குவதையே எழுதினேன்:
லோரி லம்பாட்.
அனுப்பினேன்.

வெளியே குவாலி காற்றில் ஆடியது.
நீலம் போய் பச்சை, பச்சை போய் நீலம்.
காலையில் மீன் பொரிக்க
அதை இறக்க வேண்டும்.